பார்த்தேன் என்று எழுதினேன்

அந்தக் கதைநேரத்துக்குள் நாங்கள் தவறுதலாகத்தான் நுழைந்தோம். சனிக்கிழமைகளில் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு வார நாட்களில் பேக்கரித் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிஃப்ட். ஆகவே சனிக்கிழமைக் காலையில் நாலரை வயது மகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடக்கிற தூரத்தில் நூலகம் இருக்கிறது. ஒருநாள் அங்கே பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வட்டமாக இருப்பதைப் பார்த்து இவளும் கழற்றிவிட்டுப் போய் இருந்துவிட்டாள். கதை சொல்லும் பெண் வாய் திறந்த பிறகுதான் அது கொரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும் கதைநேரம் என்று எனக்குத் தெரிந்தது.

அவளை எழுப்பிக்கொண்டு வரப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு கொரியக் குழந்தை பின்னால் நின்ற தகப்பனைப் பார்த்து "அப்பா!" என்று கூப்பிட்டது. என் மகளின் கண் விரிந்தது. "தே ஆல்சோ சே அப்பா!" என்றாள். அதற்குப் பிறகு அவளை அங்கிருந்து அசைக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளே சப்பாத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

கதை சொல்பவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தொண்டராக வருகிறவர். ஒரு வசனத்தைக் கொரிய மொழியில் சொல்லுவார். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுவார். ஆங்கிலம் அவருக்கும் என்னைப்போலப் பிந்தி வந்து சேர்ந்த மொழி என்பது கேட்டதுமே விளங்கியது. சில சொற்களுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, சரியான படியில் கால் வைக்கிறவர்போலத்தான் பேசுவார். அந்தப் பள்ளித் தவணை முழுவதும் கதைகள் எல்லாம் சுற்றாடலைப் பார்த்துக்கொள்வது பற்றியவை.

அதில் ஒரு கதை கிணற்றுத் தேரையின் கதை. காட்டு மிருகங்கள் எல்லாம் தண்ணீர் குடிக்கும் கிணறு அது. முயல் வந்து ஒரு கரட் துண்டைப் போடும். அணில் ஒரு கொட்டையின் கோதைப் போடும். நரி ஒரு பழைய சப்பாத்தைப் போடும். தேரை உள்ளே இருந்து எட்டிப் பார்த்து ஏன் போட்டாய் என்று கேட்கும்போதெல்லாம் அவை ஒரே பதிலைத்தான் சொல்லும்: "ஹனா ஜுமியா." ஒன்றுதானே, அதனால் என்ன வரப்போகிறது என்று அர்த்தமாம். பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் கூரை அதிரக் கத்துவார்கள். கடைசியில் தேரை குப்பைக் குவியலின் உச்சியில் இருக்கும். குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. நானும் சிரித்தேன். அந்தக் கிழமை முழுவதும் மகள் இரண்டாவது பிஸ்கட்டை எடுக்கும்போது "ஹனா ஜுமியா" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள்.

இவ்வளவும் காதால் கேட்ட பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கக்கூடிய பழைய துணிச் செற்றி, அதாவது சோஃபா, ஒன்று இருந்தது. கம்பிச்சுருள் வெளியே வந்து, பிள்ளையின் பாலும் மூத்திரமும் ஊறி மணம் போகாமல் கிடந்தது. மனைவியோடு வேலை செய்யும் ஒருவர் மெல்பேர்னுக்கு, நோபல் பார்க் பக்கம் குடிபோகிறார். அவருடைய நல்ல செற்றியை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை பின்னேரம் அது வருகிறது. பழையதை நகரசபைக்கு, கவுன்சிலுக்குச் சொன்னால் வந்து எடுத்துப் போவார்கள். ஆனால் முதலே பதிய வேண்டும், முறை வர மூன்று கிழமை ஆகும்.

"கவுன்சிலுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?" என்று மனைவி புதன்கிழமை கேட்டாள்.

"ஓம், சொல்லியாச்சு" என்றேன். சொல்லவில்லை. சொல்ல மறந்துபோய், மறந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுச் சொன்ன பொய் அது.

வெள்ளிக்கிழமை மழை. மகளுக்கு மூக்கு ஒழுகித் தடிமன் என்பதால் முன்பள்ளிக்கு அனுப்பவில்லை. நான் மதியம் வந்ததும் மனைவி வேலைக்குப் போய்விட்டாள். கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். நான் செற்றியை வாசல்வரை இழுத்துவந்து, "லிஃப்ட் பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நில்லு குஞ்சு" என்று மகளிடம் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு நின்றாள்.

"வேர் இஸ் இட் கோயிங்?"

"வெளியில வைப்பம். லொறி வந்து எடுக்கும். அம்மாவுக்குச் சொல்லாதை, சர்ப்ரைஸ்."

கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்தில் கொண்டுபோய் வைத்தேன். அந்தச் செற்றியின் முதுகில் மகள் ஒருநாள் நீல மார்க்கரால் எங்கள் மூன்று பேரையும் வரைந்து, கீழே பெரிதாக ஓர் "அ" எழுதியிருந்தாள். நான் பழக்கிய முதல் எழுத்து. சுழி மட்டும் மறுபக்கம் பார்த்திருக்கும். அந்த முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துவிட்டுத்தான் வந்தேன். ஏன் அப்படி வைக்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை. என் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை, கட்டடத்தில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மா படம் போட்டிருந்தார். மழையில் ஊறி வீங்கிய செற்றி. யாருடையது, வாடகைக்கு இருப்பவர் யாராவது வைத்திருந்தால் அவருடைய ஏஜெண்டுக்கு எழுதுவோம் என்று இருந்தது. நான் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் இருந்தேன். எங்கள் வாடகை ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. முந்திய வீட்டை விட்டு வந்தபோது வேறு வீடு கிடைக்காமல், கைப்பிள்ளையோடு நண்பர் வீட்டு வரவேற்பறையில் படுத்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அதற்குள் யாரோ எழுதினார்கள்: இரண்டாம் இலக்க வீட்டுக்குப் போன கிழமைதானே புது ஆட்கள் வந்தார்கள்? இன்னொருவர் எழுதினார்: ஓம், கொரியர்கள்.

நான் எழுதினேன்: "ஆம். வெள்ளிக்கிழமை அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போவதை நான் பார்த்தேன்."

நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

தமிழில் என்றால் அது எனக்கு வந்திருக்காது என்று பிறகு பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஏதோ படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதுபோல இருந்தது. இதுவும் தப்பிக்கச் சொல்லும் சாட்டுத்தான். எழுதிய கை என் கைதான்.

அந்தச் சனிக்கிழமை கதை முடிந்ததும் கதை சொல்பவர் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். வீடு மாறியதில் களைப்பு, குரல் அடைத்துவிட்டது என்றார். எந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள் என்று ஒரு தாய் கேட்க, அவர் எங்கள் தெருவின் பெயரைச் சொல்லி, எங்கள் கட்டடத்தையும் சொன்னார்.

"தட்ஸ் அவர் ஹவுஸ்!" என்று மகள் துள்ளினாள்.

அவருடைய முகம் மலர்ந்தது. "அப்படியா? நாங்கள் இரண்டாம் இலக்கம். நீங்கள்?"

"பதினான்கு" என்றேன்.

அவர் கையிலிருந்த கதைப் புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு, அதே மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்: "பின்னால் ஒரு சோஃபா கிடக்கிறது. எங்களுடையது என்று கடிதம் வந்திருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மகள் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது" என்றேன்.

அவர் தலையைக் குனிந்து நன்றி சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அவர் பிந்தித்தான் வந்தார். நூலக ஊழியரிடம் காரணம் சொல்வது எனக்குக் கேட்டது. செற்றியை ஒரு கிழமைக்குள் அகற்றச் சொல்லி அறிவித்துவிட்டார்களாம். எங்களுடையது இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லையாம். குடிவந்ததும் சண்டை வேண்டாம் என்று புருஷனும் அவருமாகத் தூக்கியிருக்கிறார்கள். மழையில் ஊறிய செற்றி கல்லுப்போலக் கனத்திருக்கிறது. சந்திலிருந்து தெருவுக்கு ஏறும் படியில் கை வழுக்கி அது புருஷனின் காலில் விழுந்து, பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்துவிட்டது. புருஷன் தரைக்கு ஓடு பதிக்கிற வேலைக்காரர். குறைந்தது ஆறு கிழமைக்கு முழங்காலில் இருக்கவோ பாரம் தூக்கவோ கூடாதாம்.

நான் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டு நின்றேன். அது தலைகீழாக இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திராது.

அன்று கதைக்குப் பிறகு தரையில் பெரிய தாளை விரித்தார்கள். நடுவில் கிணறு வரைந்திருந்தது. அவரவர் வீட்டு மொழியில் ஓர் எழுத்தைக் கிணற்றைச் சுற்றி எழுதுங்கள் என்றார் கதை சொல்பவர். மகள் நீல நிறத்தைத்தான் எடுத்தாள். மூன்று தலைகளை வரைந்து, கீழே பெரிதாக ஓர் "அ" எழுதினாள். சுழி மறுபக்கம் பார்த்தது. எழுந்து போய்த் தடுக்க எனக்கு நேரம் இருந்தது. ஆனால் எழுதாதே என்று என்ன காரணம் சொல்லித் தடுப்பது?

கதை சொல்பவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு மெதுவாகக் குந்தினார்.

"இது என்ன எழுத்து?"

"அ. ஃபார் அம்மா. அண்ட் அப்பா."

"இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்."

"ஆன் அவர் ஓல்ட் சோஃபா!" மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் படத்தை ஒருவர் பார்த்திருக்கிறார் அல்லவா? "ஐ ட்ரூ இட்! அப்பா அதை வெளியில வச்சவர். ஐ ஹெல்ட் த பட்டன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு தாயும் திரும்பிப் பார்த்தாள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசியிருக்கலாம். எனக்கு அது இலகுவாக இருந்திருக்கும். அவர் தாளின் மேல், அந்த எழுத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கையை வைத்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "இது மிகவும் அழகான எழுத்து. எல்லோரும் சொல்லுங்கள்" என்றார்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாக "அ" என்றார்கள். நம்முடைய முதல் எழுத்தைக் கேட்டு நான் தலைகுனிந்து நின்றது அந்த ஒரு நாள்தான். மகளின் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கதைநேரத்துக்குப் போகவில்லை. முதல் சனிக்கிழமை, நூலகம் பூட்டு என்று மகளிடம் சொன்னேன். இரண்டாவது சனிக்கிழமை மனைவிக்கு விடுமுறை. மூவருமாக ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் புறப்பட்டோம். நகரம் முடிந்து காட்டுப் பாதை தொடங்கியதும் பின் இருக்கையிலிருந்து மகள் கேட்டாள்:

"அப்பா, ஏன் நாங்க ஸ்டோரிக்குப் போறேல்ல? இஸ் இட் பிகாஸ் ஒஃப் த சோஃபா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "என்ன சோஃபா?"

மகள் சர்ப்ரைஸை முழுவதுமாகச் சொல்லிவிட்டாள். மிச்சத்தை நான் சொன்னேன். கோயில் வாசலில் காரை நிறுத்தியதும் மனைவி மகளை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் வந்தாள்.

"கவுன்சில் எடுத்துக்கொண்டு போட்டுது எண்டு நானும் நம்பிக்கொண்டு இருந்தனான்."

"பிழைதான்" என்றேன்.

"அந்த மனுசன் கால் முறிஞ்சு கிடக்கிறார். நீங்கள் இஞ்ச தேங்காய் உடைக்க வந்திருக்கிறியள்." குரலை உயர்த்தவில்லை. "எல்லாத்தையும் விடுங்கோ. பிள்ளையை ஏன் பட்டன் அமத்த வச்சனீங்கள்?"

அவளும் மகளும் உள்ளே போனார்கள். நான் காருக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு இரண்டாம் இலக்கத்துக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு கேக் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மணியை அடித்த பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான யோசனை என்று விளங்கியது; அதை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. பதினைந்து வயது மதிக்கத்தக்க அவர்களுடைய மகள் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, "அப்பா" என்று கூப்பிட்டு, பிறகு ஏதோ சொன்னாள். தகப்பன் கதிரையில் இருந்தார். காலில் பெரிய சப்பாத்துப்போலக் கவசம் மாட்டி, ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்திருந்தார். கதை சொல்பவர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

வரும்போது படியில் சொல்லிப் பார்த்த ஆங்கிலம் எல்லாம் போய்விட்டது. "சோஃபா என்னுடையது. நீங்கள் தூக்கியதை நான் பார்க்கவில்லை. பொய் எழுதினேன். மன்னியுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அதைக் கொரிய மொழியில் புருஷனுக்குச் சொன்னார். நூலகத்தில் சொல்வதுபோலவே ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். புருஷன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அவர் திரும்பி அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஏன் எங்களைச் சொன்னீர்கள் என்று கேட்கிறார்."

நான் யோசித்தேன். வீட்டு ஒப்பந்தம், ஏஜெண்ட், பயம் எல்லாம் வாய்வரை வந்தன. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. "நீங்கள் புது ஆட்கள். உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான்" என்றேன்.

அவர் அதையும் மொழிபெயர்த்தார். கொரிய மொழியில் அது மிகச் சின்ன வசனமாக இருந்தது. புருஷன் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சோஃபாவுக்காக எனக்குக் கோபம் இல்லை" என்றார் அவர். "எல்லோரும் செய்கிறார்கள். நீங்கள் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். செயலாளர் தன் ஃபோனில் காட்டினார். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பதினான்காம் இலக்கம் என்று இருந்தது. என் மகள்தான் அதை எங்களுக்கு வாசித்துச் சொன்னாள். ஆங்கிலத்தில் ஏதும் வந்தால் அவளிடம்தான் கொடுப்போம்."

"அப்படியென்றால் அன்று நூலகத்தில்..."

"ஆம். நீங்கள் பதினான்கு என்று சொன்னதும் தெரிந்துவிட்டது. அதனால்தான் உங்களிடம் கேட்டேன்."

எனக்கு வாய்ப்புத் தந்திருக்கிறார். அதைத்தான் நான் "தெரியாது" என்று தட்டிவிட்டிருக்கிறேன்.

கேக் பெட்டியை அவர் வாங்கவில்லை. "சனிக்கிழமை மகளைக் கூட்டி வாருங்கள். அவள் ஏன் வரவில்லை என்று மற்றப் பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

படியில் ஏறும்போது ஊர் நினைவு வந்தது. எங்கள் ஊரில் யுத்த காலத்தில் ராணுவத்தினர் ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவன் முன்னால் இருப்பான். தலையாட்டி என்று சொல்லுவோம். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் அப்படிப் போய்த் திரும்பி வரவில்லை. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரு செற்றிக்காக யாரும் காணாமல் போகவில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருவன் சொல்வதற்குப் பெரிய பகையோ கொடுமையோ தேவையில்லை, தேநீர் இடைவேளை போதும் என்பதை நான் என்னை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் மாடிப் படியில் இருந்துகொண்டு குழுவில் எழுதினேன்: செற்றி என்னுடையது. இரண்டாம் இலக்கத்தார் எதையும் தூக்கியதை நான் பார்க்கவில்லை. நான் சொன்னது பொய். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அனுப்பிய பிறகு பின்னேரம்வரை யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு செயலாளர், தெரிவித்ததற்கு நன்றி என்று ஒரு வரி போட்டார். ஏஜெண்டிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு மாதத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தும் தந்தார்கள். நான் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. அது என் வெட்கத்தை இன்னும் கூட்டியது.

சனிக்கிழமை நூலகத்துக்கு நடக்கும்போது மகள் கேட்டாள். "அப்பா, டிட் யூ லை?"

"ஓம்."

"ஹவ் மெனி?"

அம்மாவுக்குச் சொன்னது, குழுவில் எழுதியது, நூலகத்தில் சொன்னது, லொறி வரும் என்றும் நூலகம் பூட்டு என்றும் இவளுக்கே சொன்ன இரண்டு. "அஞ்சு" என்றேன். அவள் ஒரு கையின் அஞ்சு விரலையும் மடக்கிப் பார்த்துவிட்டு, "தட்ஸ் எ லொட்" என்றாள். என் கையை விடவில்லை.

கதை சொல்பவர் அவளை எப்போதும்போல வரவேற்றார். எனக்கும் தலை குனிந்தார். நான் கடைசிவரை பின்னால், அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். புருஷனை மருத்துவமனைக்கு நான் காரில் கூட்டிப்போகட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். வேண்டாம், பரவாயில்லை என்று இரண்டு தடவையும் மரியாதையாக மறுத்தார். மனைவியும் அவரும் இப்போது வழியில் கண்டால் நின்று கதைக்கிறார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

புருஷன் இப்போது வேலைக்குப் போகிறார். இடது காலை மட்டும் கொஞ்சம் பார்த்து வைக்கிறார். நான் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரமும் அவர் சாப்பாட்டுக்கு வரும் நேரமும் சில நாட்களில் ஒன்றாகிவிடும். முன்வாசல் கண்ணாடிக் கதவை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு எல்லோரும் சொல்கிற "யூ ஆர் வெல்கம்" எனக்கும் தெரியும். இதுவரை ஒருநாளும் வாயிலிருந்து வந்ததில்லை.